பாப்போவின் ஆளுநர் செர்கியு பவுல்

அப்போஸ்தலர் நடபடிகள் நூலில் பவுல் ரோம அதிகாரிகளைச் சந்திக்கும் இடங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு வேறுபாடு தெரியவரும். கொரிந்துவில் கல்லியோனின் நியாயாசனத்துக்கு முன்பாக அவர் இழுத்துவரப்பட்டார். செசரியாவில் பேலிக்சின் முன்பும் பெஸ்துவின் முன்பும் கைதியாக நின்றார். சீப்புரு தீவின் பாப்போ நகரில் மட்டும் ஆளுநரே ஆளனுப்பி அவரையும் உடன் வந்த பர்னபாவையும் வரவழைத்தார். வழக்கும் இல்லை, புகாரும் இல்லை. அவர்கள் சொல்லும் வசனத்தைக் கேட்க வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே காரணம். அந்த ஆளுநர்தான் செர்கியு பவுல்.

பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஏழு வசனங்களுக்குள் அவருடைய கதை முடிந்துவிடுகிறது. ரோம ஆட்சிக் குழுவில் அவ்வளவு உயர்ந்த நிலையில் இருந்த ஒருவர் விசுவாசித்தார் என்று சொல்ல வந்த ஆசிரியர், ஏன் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னார்? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறது.

தீவும் அதன் ஆட்சியும்

சீப்புருவை ரோம் கி.மு. 58இல் எடுத்துக்கொண்டது. இளைய கேட்டோ அதற்காக அனுப்பப்பட்டார். முதலில் அது கிலிக்கியா மாகாணத்தோடு சேர்ந்திருந்தது, கி.மு. 51இல் கிலிக்கியாவை ஆளச் சென்ற சிசரோவின் பொறுப்பில் இத்தீவும் இருந்தது. அகஸ்து காலத்தில் மாகாணங்கள் இரண்டு வகையாயின. படை நிறுத்த வேண்டியவை பேரரசரின் நேரடிப் பிரதிநிதிகளிடம் இருந்தன. அமைதியானவை செனட் சபையின் பொறுப்புக்கு வந்தன. கி.மு. 22இல் சீப்புரு செனட்டுக்கு மாறியது. அதன்பின் முன்னாள் பிரேத்தர் ஒருவர் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பெரும்பாலும் ஓராண்டுக்குப் புரோகன்சலாக வந்து ஆண்டார். நூலாசிரியர் லூக்கா செர்கியு பவுலுக்குத் தரும் பதவிப் பெயர் இந்த ஏற்பாட்டோடு சரியாகப் பொருந்துகிறது. அடிக்கடி மாறிய மாகாண நிர்வாகத்தை அவர் கவனமாக அறிந்து எழுதினார் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆளுநரின் இருப்பிடம் தீவின் மேற்குக் கரையிலிருந்த புதிய பாப்போ. கி.மு. 15இல் நிலநடுக்கத்தில் சிதைந்த அந்நகரை அகஸ்து பொருளுதவி செய்து எழுப்பினார். கொஞ்ச தூரத்தில் பழைய பாப்போ. அங்கே அப்ரோதீத்தியின் புகழ்பெற்ற கோயில். அக்கோயிலின் மூலவருக்கு மனித உருவம் கிடையாது. கூம்பு வடிவக் கல்லே தெய்வமாக நின்றது. ரோமக் காலக் காசுகளிலும் அதே வடிவம் பொறிக்கப்பட்டது. கி.பி. 69இல், பின்னாளில் பேரரசரான தீத்து இங்கே வந்து குறி கேட்டுச் சென்றதைத் தாசித்து எழுதியிருக்கிறார்.

கி.பி. 14இல் அகஸ்து இறந்து திபேரியு பதவியேற்றபோது, தீவு மக்கள் எடுத்துக்கொண்ட விசுவாசப் பிரமாணம் கல்லில் வெட்டப்பட்டது. பழைய பாப்போவுக்கு அருகே அக்கல் கிடைத்திருக்கிறது. அப்ரோதீத்தியையும் அப்பொல்லோவையும் தங்கள் மற்றத் தெய்வங்களையும் சாட்சி வைத்துத் தொடங்கும் அந்தப் பிரமாணம், தெய்வமாகிவிட்ட அகஸ்துவையும் அந்த வரிசையில் சேர்க்கிறது. இந்தத் தீவில் அரசுக்கு உண்மையாக இருப்பது தெய்வங்களின் பெயரால் ஆணையிடுவதோடு பிணைந்திருந்தது. அந்த ஆட்சிக்குத் தலைவராக வந்தவர்தான் நம் ஆளுநர்.

அரண்மனையில் ஒரு மாயவித்தைக்காரன்

ஏறத்தாழ கி.பி. 46-48 அளவில் பர்னபாவும் சவுல் என்ற பவுலும் சீரியாவின் அந்தியோகியாவிலிருந்து புறப்பட்டு, கிழக்கே சாலமியில் இறங்கி, தீவைக் கடந்து பாப்போவுக்கு வந்தார்கள். பர்னபாவுக்கு அது பிறந்த மண். பாப்போவில் அவர்களுக்கு முன்பே ஆளுநரின் பக்கத்தில் ஒருவன் இடம்பிடித்திருந்தான்: பர்யேசு, எலிமா என்றும் பெயர், யூத மாயவித்தைக்காரன்.

விவேகமுள்ளவர் என்று லூக்கா புகழும் ஒருவர் மாயவித்தைக்காரனைக் கூட வைத்திருந்தது முரணாகத் தோன்றலாம். அக்கால மேல்தட்டு வாழ்க்கை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. பேரரசர் திபேரியுவே திராசில்லு என்ற சோதிடரைப் பக்கத்தில் வைத்திருந்தார். துருசில்லாளை அவளுடைய கணவனிடமிருந்து பிரித்துத் தனக்கு மனைவியாக்கிக்கொள்ள, பேலிக்ஸ் சீப்புருவைச் சேர்ந்த யூத மந்திரவாதி ஒருவனைத் தூது அனுப்பியதாக யூத வரலாற்றாசிரியர் யோசேபு குறிப்பிடுகிறார். மூத்த பிளினியும் மந்திரக் கலையின் வரலாற்றைச் சொல்லும் இடத்தில் சீப்புருவுக்குத் தனி இடம் தருகிறார். ஆக, எலிமா இத்தீவுக்குப் பழக்கமான ஒரு வகை மனிதன். ஆளுநரின் விவேகம், அவன் பக்கத்தில் இருந்தும் வேறொரு குரலைக் கேட்க ஆளனுப்பியதில் இருக்கிறது.

எலிமா எதிர்த்தான். ஆளுநர் மனம் மாறினால் அவனுக்கு அரண்மனையில் வேலை இல்லை. பவுல் அவனை உற்றுப்பார்த்துக் கடிந்துகொண்டார். சில காலம் சூரியனைக் காணமாட்டாய் என்ற தீர்ப்பும் வந்தது. மந்தாரமும் இருளும் அவன்மேல் விழ, கைப்பிடித்து நடத்த ஆள் தேடித் தடவினான். தமஸ்கு வழியில் ஒளி தாக்கிப் பார்வை இழந்து, பிறர் கைப்பிடித்து நடத்த ஊருக்குள் போனவர் இதே பவுல். தான் பட்டதையே எதிராளியின்மேல் வரச்சொல்கிறார். அதையும் 'சில காலம்' என்று அளவிட்டே சொல்கிறார். தண்டனைக்குள் மனந்திரும்புதலுக்கான வாசல் திறந்தே வைக்கப்பட்டிருப்பதை உரையாசிரியர்கள் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

ஆளுநர் நடந்ததைக் கண்டு விசுவாசித்தார். ஆனால் அவர் வியந்தது அற்புதத்தைக் கண்டல்ல, கர்த்தருடைய உபதேசத்தைக் கேட்டு என்று லூக்கா வாக்கியத்தை முடிக்கிறார். கண்கட்டு வித்தை பார்த்துப் பழகிய ஒருவருக்கு இன்னொரு பெரிய வித்தை புதிதல்ல, போதனைதான் புதிது.

கல்வெட்டுகளில் செர்கியுவின் குடும்பம்

செர்கியு பவுல்லு குடும்பத்தின் பெயர் கல்லிலும் தப்பிப் பிழைத்திருக்கிறது. சீப்புருவின் சோலியில் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டு ஒன்று பவுல் என்ற புரோகன்சலைக் குறிப்பிடுகிறது. அதை அடுத்த நூற்றாண்டுக்கு உரியதாகக் கொள்வோரும் உண்டு. கித்ரேயாவில் கிடைத்த உடைந்த கல்லில் குவிந்து செர்கியு என்ற பெயரின் பகுதி நிற்கிறது. ரோமில், கிலவுதியு காலத்தில் தைபர் ஆற்றின் கரைகளைக் காக்கும் பொறுப்பாளர்களுள் லூக்கியு செர்கியு பவுல்லு என்பவர் ஒருவர். இவர்களில் யார் நம் ஆளுநர் என்பதில் அறிஞர்கள் ஒத்த கருத்துக்கு வரவில்லை.

பிசீதியாவின் அந்தியோகியாவில் கிடைத்த சான்று இன்னும் சுவையானது. 1912இல் வில்லியம் ராம்சே அங்கே இளைய லூக்கியு செர்கியு பவுல்லு பெயர் பொறித்த கல்லைக் கண்டார். அந்நகரின் முன்னணிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட செர்கியா பவுல்லா என்ற பெண்ணின் பெயரும் அங்குள்ள கல்வெட்டில் உண்டு. இக்குடும்பத்துக்கு ஆசியா மைனரின் உள்நாட்டில் நிலபுலன்கள் இருந்தன.

இப்போது பவுலின் பயணத்தைப் பாருங்கள். பாப்போவிலிருந்து கப்பலேறிப் பெர்கேயில் இறங்கியவர், கடலோர நகரங்களில் தங்காமல் தவுரு மலையைக் கடந்து, ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்திலுள்ள பிசீதியா அந்தியோகியாவுக்கு நேராகப் போகிறார். தம் உறவினர் வாழும் ஊருக்கு ஆளுநரே வழிகாட்டி, அறிமுகக் கடிதமும் தந்திருக்கக்கூடும் என்று ராம்சே வழியில் வந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இது ஊகமே, ஆனால் வரைபடத்தோடும் கல்வெட்டோடும் பொருந்தும் ஊகம். செர்கியா பவுல்லாவையும் கிறிஸ்தவராக்கிப் பார்க்க ராம்சே முயன்றது மட்டும் சான்றுக்கு மிஞ்சிய ஆசை.

விசுவாசத்தின் விலை

அந்நாளில் கிறிஸ்துவை ஏற்பது ரோமச் சட்டப்படி குற்றமாகவில்லை. நீரோ ரோம் நகரின் கிறிஸ்தவர்களைக் கொன்றது கி.பி. 64இல்தான். ஆளுநருக்குச் சிக்கல் அன்றாடக் கடமையில் இருந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் பேரரசரின் நலனுக்காக மாகாணத்தின் நேர்த்திகளை முன்நின்று நடத்துவது ஆளுநரின் வேலை. பித்தினியாவை ஆண்ட இளைய பிளினி அதைத் தம் கடிதங்களில் பேரரசருக்கு அறிவிக்கிறார். பலியிடாமல் பொது விழா இல்லை.

மேல்குடியில் புறச்சமயம் நாடியவர்கள் என்ன பட்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. பிரித்தானியாவை வென்ற தளபதி அவுலு பிளவுதியுவின் மனைவி பொம்போனியா கிரேசினா, அந்நிய மூடநம்பிக்கை கொண்டவள் என்று கி.பி. 57இல் குற்றம் சாட்டப்பட்டு, கணவர் முன்னிலையிலேயே விசாரிக்கப்பட்டு விடுதலை பெற்றார். 95இல் கன்சலாயிருந்த பிளாவியு கிளமெந்தை, தெய்வ மறுப்பு என்ற குற்றம் சுமத்தி தொமித்தியான் கொன்றான். இவர்கள் கிறிஸ்தவர்களா, யூத நெறியை நாடியவர்களா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் உயர்குடிக்கு இது விளையாட்டல்ல என்பது தெளிவு.

செர்கியு பவுல் அந்தக் கடமைகளை என்ன செய்தார் என்று லூக்கா சொல்லவில்லை. ஞானஸ்நானத்தைப் பற்றியும் பேச்சில்லை. அந்த இடைவெளியைப் பிற்கால மரபு நிரப்பியது: அவர் கால் நாட்டின் நார்போன் நகருக்கு முதல் ஆயரானார் என்றது. ஆனால் நார்போனின் பவுல் மூன்றாம் நூற்றாண்டில் அனுப்பப்பட்டவர் என்பதை தூர் நகரத்து கிரகோரியே எழுதிவைத்திருக்கிறார். ஓவியர் ரஃபேலும் இக்காட்சியை விடவில்லை. பத்தாம் லியோ திருத்தந்தைக்காகச் சிஸ்தீன் ஆலயத் திரைச்சீலைகளுக்கு அவர் வரைந்த மாதிரிப் படம் இன்று லண்டனில், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் உயர்ந்த இருக்கையில் திடுக்கிட்ட ஆளுநர். ஒருபுறம் கைநீட்டிய பவுல். மறுபுறம் இருட்டில் தடவும் எலிமா. படத்தின் நாயகர் ஆளுநர்தான்.

லூக்காவின் நாயகர் அவரல்ல. நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவுக்கு லூக்கா ஓர் அதிகாரத்துக்கு மேல் தருகிறார். பிலிப்பியின் சிறைச்சாலைக்காரன் காயம் கழுவியது, வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றது, பந்தி வைத்தது எல்லாம் அங்கே விரிவாக இருக்கின்றன. மாகாணத்தையே ஆண்டவருக்கு ஒரு வினைச்சொல்தான்: விசுவாசித்தான். பதவி உயர உயர எழுத்தில் இடம் குறைகிறது. ஆள்வோர் சேர்ந்ததைத் தன் பலமாகத் திருச்சபை எண்ணிக்கொண்டது கான்ஸ்தந்தீனுக்குப் பிற்பட்ட காலத்தில். முதல் நூற்றாண்டின் வரலாற்றாசிரியருக்கு ஆளுநரும் உபதேசத்தைக் கேட்டு வியந்த ஒருவரே. அதைச் சொன்னதும் அடுத்த வசனத்தில் பயணத்தைத் தொடர்ந்துவிடுகிறார்.