புற்றுநோய் வலியும் மார்ஃபின் மாத்திரையும்: நோயாளிகளுக்காக டாக்டர்கள் சங்கங்கள் என்ன செய்கின்றன?

‘டாக்டர்கள் சங்கம்’ என்றாலே ஸ்ட்ரைக், ஊதிய உயர்வு, மாநாடு, இதெல்லாம்தான் நமக்கு ஞாபகத்துக்கு வரும். ஆனால், புற்றுநோயாளிக்கு எந்த ஸ்கேன் தேவை, எது தேவையில்லை என்று சொல்வதில் தொடங்கி, வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் கிடைக்கச் சட்டத்தையே மாற்ற வைத்தது வரை இந்தச் சங்கங்களுக்குப் பங்கு இருக்கிறது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்தச் சங்கத்தினர்?

புற்றுநோய்க்கு ஒரே டாக்டர் சிகிச்சை கொடுத்து முடித்துவிட முடியாது. ஆபரேஷன் செய்பவர் ஒருவர், கீமோ கொடுப்பவர் ஒருவர், ரேடியேஷன் கொடுப்பவர் இன்னொருவர். வலியைக் குறைக்கும் வலிநிவாரண மருத்துவர் தனி. இந்தியாவில் இவர்களில் ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒரு சங்கம் உண்டு. உலக அளவில் பெரியவை இரண்டு. ஒன்று, 1964-ல் ஏழு டாக்டர்கள் சேர்ந்து அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆஸ்கோ’. இன்னொன்று, 1975-ல் ஐரோப்பாவில் தொடங்கிய ‘எஸ்மோ’.

அப்படி என்ன செய்கிறார்கள்?

* வழிகாட்டு நெறிமுறைகள்: எந்த வகைப் புற்றுநோய்க்கு, எந்தக் கட்டத்தில், என்ன சிகிச்சை என்பதை ஆய்வு முடிவுகளை அலசி எழுதித் தருகிறார்கள். சின்ன ஊரில் தனியாக வேலை பார்க்கும் டாக்டருக்கும் இது கைவிளக்கு மாதிரி.

* பொதுவான மொழி: ‘ஸ்டேஜ் 2’ என்று ரிப்போர்ட்டில் போட்டால், அதற்கு மதுரையிலும் லண்டனிலும் ஒரே அர்த்தம்தான். கட்டியின் அளவு, நெறிக்கட்டிகளுக்குப் பரவியதா, வேறு உறுப்புக்குப் போனதா என்று பார்க்கும் ‘டிஎன்எம்’ முறையை சர்வதேச, அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து பராமரிக்கின்றன.

* தேவையில்லாததைத் தடுப்பது: 2012-ல் ஆஸ்கோ, யோசித்துச் செய்யவேண்டிய ஐந்து விஷயங்களைப் பட்டியலிட்டது. பரவும் ஆபத்து குறைவாக உள்ள ஆரம்பகட்ட மார்பகப் புற்றுநோய்க்கு பெட் ஸ்கேன், சிடி ஸ்கேன் வேண்டாம் என்பது அதில் ஒன்று. தங்கள் வருமானத்தைக் குறைக்கக்கூடிய ஒன்றை டாக்டர்களே சொன்னது கவனிக்க வேண்டிய விஷயம்.

மார்ஃபின் விவகாரம்: நடந்தது என்ன?

இந்தியாவில் ஒரு சங்கத்தால் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு இதுதான் நல்ல உதாரணம்.

முற்றிய புற்றுநோயின் கடுமையான வலிக்கு மார்ஃபின் முக்கியமான மருந்து. விலையும் அதிகமில்லை. அதைத் தயாரிக்கத் தேவையான ஓபியத்தை விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. ஆனாலும் இங்குள்ள நோயாளிக்கு அது கிடைக்கவில்லை. காரணம், 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். மார்ஃபினை வாங்க, வைத்திருக்க, கொண்டுபோக என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லைசென்ஸ். மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதிகள். கணக்கில் சின்னத் தவறு வந்தாலும் கடும் தண்டனை. ‘எதுக்கு வம்பு’ என்று பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. அடுத்த பத்து ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு பெருமளவு சரிந்தது.

1994-ல் தொடங்கப்பட்ட இந்திய வலிநிவாரணச் சிகிச்சை சங்கம் இதைக் கையில் எடுத்தது. கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் உள்ளிட்டோர் அதிகாரிகளிடம் தொடர்ந்து பேசினார்கள். 2007-ல் விவகாரம் பொதுநல வழக்காக உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. கடைசியில் 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் ‘அத்தியாவசிய போதை மருந்து’ பட்டியலில் வந்தது. பல லைசென்ஸ்களுக்குப் பதிலாக, நாடு முழுக்க ஒரே விதி, ஒரே அனுமதி என்றானது.

சட்டம் மாறினால் போதுமா?

போதாது. அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியில் வலிநிவாரணப் பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவராவது இருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிப் படிப்பில் நீண்டகாலம் இதற்கு இடமே இல்லாததால், டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் சங்கமே சான்றிதழ் பயிற்சி நடத்துகிறது. 2010-ல்தான் வலிநிவாரண மருத்துவம் இந்தியாவில் தனி மேற்படிப்பாக அங்கீகாரம் பெற்றது.

பயிற்சியின் இன்னொரு வேலை, பயத்தைப் போக்குவது. ‘மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்’, ‘மார்ஃபின் என்றால் கடைசிக் கட்டம்’ என்ற எண்ணம் குடும்பத்தாரிடம் மட்டுமல்ல, சில டாக்டர்களிடமும் இருக்கிறது. சரியான அளவில், கண்காணிப்போடு வலிக்குக் கொடுக்கும்போது அடிமையாகும் ஆபத்து குறைவு. மலச்சிக்கல் வரும், அதற்குக் கூடவே மருந்து கொடுப்பார்கள்.

சங்கங்கள் மேல் விமர்சனமே இல்லையா?

இருக்கிறது. பெரிய மாநாடுகளுக்கு மருந்து கம்பெனிகள் ஸ்பான்சர் செய்கின்றன. நெறிமுறை எழுதும் டாக்டர், அதே கம்பெனியிடம் பணம் வாங்கியிருந்தால்? அதனால்தான், யாரிடம் என்ன தொடர்பு என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று பெரிய சங்கங்கள் விதி வைத்துள்ளன. இன்னொன்று, சங்கத்தால் ஒரு டாக்டரின் பதிவை ரத்து செய்ய முடியாது. சிகிச்சையில் தவறு என்றால் புகார் கொடுக்க வேண்டிய இடம் மாநில மருத்துவ கவுன்சில்.

நோயாளியின் குடும்பம் என்ன கேட்கலாம்?

* இந்தச் சிகிச்சை எந்த நெறிமுறைப்படி?

* ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் டாக்டர்கள் சேர்ந்து பேசி முடிவெடுத்தார்களா?

* இந்த ஸ்கேன் ரிசல்ட்டால் சிகிச்சை மாறுமா?

* வலிக்கு இங்கே மார்ஃபின் கிடைக்குமா? இல்லையென்றால் எங்கே கிடைக்கும்?

கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். ‘கேன்சர்னா வலிக்கத்தானே செய்யும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கத் தேவையில்லை. வலியைக் குறைப்பதும் சிகிச்சைதான்.