கைநாட்டு

புது லேப்டாப்பை முதன்முதலாகத் திறந்தபோது, விரலை வைத்து உள்ளே வருகிறீர்களா என்று விண்டோஸ் கேட்டது. வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா சிரித்துவிட்டாள். "இம்புட்டுப் படிச்சும் கடைசியில கைநாட்டுத்தானாடா நீயி?"

எழுதப் படிக்கத் தெரியாதவனைத் திட்டும் சொல் அது. ஆனால் கைரேகையின் நவீன வரலாறு தொடங்கியது, கையெழுத்தை நம்பாத ஒருவரிடம். 1858-ல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சரளை தர ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் போட்டார். நாளைக்கு இந்த ஆள் 'இது என் கையெழுத்தே இல்லை' என்றால்? முத்திரை மையைக் கோனாயின் உள்ளங்கையில் தடவி, ஒப்பந்தத்தின் பின்புறம் அழுத்தி எடுத்தார். அறிவியல் எதுவும் இல்லை. மிரட்டி வைக்கத்தான் அப்படிச் செய்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார்.

1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு வந்தது. வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் உழைத்தவர்கள் அஜிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். பெயர் என்னவோ 'ஹென்றி முறை'. எட்வர்ட் ஹென்றி அவர்களுடைய மேலதிகாரி. வேறென்ன நடக்கும்! 1900-ல் அதே ஹென்றி, போலீஸைச் சீரமைக்கத் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார்.

ஆறே வருடத்தில் அங்கே டிரான்ஸ்வால் அரசு, ஆசியர்கள் விரல் ரேகை பதிந்து சான்றிதழ் வாங்க வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. எதிர்த்துச் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் நிறைய. 1908 ஜனவரியில் காந்தி ஸ்மட்ஸோடு சமரசம் செய்துகொண்டார்: நாங்களாகவே விரும்பிப் பதிகிறோம், சட்டத்தை நீக்குங்கள். பத்து விரல் ரேகை குற்றவாளிகளிடம்தான் வாங்குவார்கள் என்று சொன்னதே நீங்கள்தானே என்று கூட்டத்தில் ஒரு பட்டாணியர் கேட்டார். பிப்ரவரி 10 அன்று பதியப் போன காந்தியை மீர் ஆலம் அடித்து வீழ்த்தினார். தடுக்கப் போன தம்பி நாயுடுவுக்கும் அடி. அடித்தது தப்பு. கேள்வி தப்பென்று எனக்குத் தோன்றவில்லை.

ஏனென்றால் சட்டம் நீங்கவில்லை. கொடுத்த விண்ணப்பங்களைத் திருப்பிக் கேட்டார்கள், வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். ஆகஸ்ட் 16 அன்று ஜொஹானஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் சான்றிதழ்களைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். சாம்பலானது சான்றிதழ்தான். ரேகை அரசாங்கத்திடமே இருந்தது.

'விரும்பி'க் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா? லேப்டாப் முன்னாலும் எனக்கு அதே கேள்விதான். விண்டோஸ் ரேகையைப் படமாக வைப்பதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட ஒரு வார்ப்பை வைக்கிறது. அது இந்தக் கணினியைவிட்டு வெளியே போகாது என்கிறது மைக்ரோசாஃப்ட். பின் நம்பர் வைத்த பிறகுதான் விரலையே சேர்க்க விடும். ஆகவே விரலை எடுத்துவிட்டாலும் வெளியே மாட்டிக்கொள்ள மாட்டோம். இதெல்லாம் டிரான்ஸ்வாலைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் பாஸ்வேர்ட் திருடு போனால் மாற்றலாம், கட்டைவிரலை மாற்ற முடியாது. 2014-ல் ஜெர்மனியில் ஒரு ஹேக்கர், அமைச்சர் ஒருவரின் ரேகையைப் புகைப்படங்களிலிருந்தே எடுத்துக் காட்டினார்.

செட்டிங்ஸில் கணக்குகள், அதற்குள் உள்நுழையும் வழிகள், அதில் கைரேகை. நீக்கும் பொத்தானை அழுத்தினேன்.

"அழிஞ்சிருச்சாடா?" என்றாள் அப்பத்தா.

"அப்படித்தான் சொல்லுது, அப்பத்தா."