மெவ்சிம்

ஹரிங்கே கிறீன் லேன்ஸில் ஒரு துருக்கியர் கடை. தை மாதக் குளிரில் அங்கே அத்திப்பழம் கேட்டேன். "மெவ்சிமி தெயில், அபி" என்றார் கடைக்காரர். 'அதன் காலம் இல்லை, அண்ணை' என்று பொருள். அந்தச் சொல்லை எங்கோ கேட்டிருந்தேன். இந்திப் பாடல்களில் வரும் 'மௌசம்', கோலாலம்பூர் மாமி சொல்லும் 'மூசிம்' இரண்டும் அதன் உடன்பிறப்புகள்.

தாய்ச்சொல் அரபு 'மவ்சிம்'. 'அடையாளமிடுதல்' என்ற வேரிலிருந்து வந்தது. சந்தையோ யாத்திரையோ கூடுவதற்குக் குறித்த காலம் என்பது அதன் பழைய பொருள். இந்தியப் பெருங்கடலில் ஓடிய மாலுமிகளுக்கு அது பாய் விரிக்கும் காலமாயிற்று. போர்த்துக்கேயர் வாய்வழியே ஐரோப்பாவுக்குப் போய், ஆங்கிலத்தில் 'மொன்சூன்' ஆகவும் பிரெஞ்சில் 'மூசொன்' ஆகவும் மாறியது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லைத் துருக்கியர் 'முசொன்' என்று மறுபடி வாங்கிக்கொண்டார்கள். ஆகவே அவர்களிடம் பருவத்துக்கு மெவ்சிம், பருவக்காற்றுக்கு முசொன். ஒரே சொல் இரண்டு வாசல்களால் வந்திருக்கிறது.

1554இல் ஓட்டோமான் கடற்படைத் தளபதி சைதி அலி ரெயிஸின் கப்பல்களைப் புயல் குஜராத் கரைக்கு அடித்துச் சென்றது. ஊர் திரும்ப வழியில்லாமல் அகமதாபாத்தில் இருந்தபோது, அரபு மாலுமிகளின் கடலறிவைத் திரட்டி 'முஹீத்' என்ற நூலைத் துருக்கியில் எழுதினார். எந்தத் துறையிலிருந்து எந்நாளில் புறப்படலாம் என்ற கணக்கும் அதில் உண்டு.

வல்வெட்டித்துறையில் என் அம்மப்பாவிடமும் அந்தக் கணக்கு இருந்தது, ஏட்டில் அல்ல. சோளகத்தில் பர்மாவுக்கு ஓடி, வாடையில் அரிசியோடு திரும்பிய பாய்க்கப்பல்காரர் அவர். "வாடை விழுந்திட்டுது" என்று அவர் சொன்னால் அது காற்றைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல. வீட்டுக்கு ஆள் வரும் நாளும் அதுதான்.

நாம் சொல்லும் 'பருவம்' வடமொழிப் 'பர்வ'த்திலிருந்து வந்தது. அதற்குக் கணு என்று பொருள். அரபியர் காலத்தில் அடையாளமிட்டார்கள். நம்மவர் கணுவைக் கண்டார்கள். இலண்டனில் என் மகளுக்கு 'வெதர்' தெரியும். இன்றைக்குக் குடை வேண்டுமா என்று கைபேசி சொல்லிவிடும். சோளகமும் வாடையும் அவளுக்கு நான் இன்னும் சொல்லாத சொற்கள்.

ஆவணி கடைசியில் அவளையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். வாசலிலேயே அத்திப்பழத் தட்டு இருந்தது. "மெவ்சிம்" என்று சிரித்தார் கடைக்காரர். "அப்படியெண்டால் என்ன, அப்பா?" என்று கேட்டாள் மகள். அம்மப்பாவின் கப்பலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.