பொறிக்குள் ஒரு பொறி: படகு இயந்திரம் கற்பித்த சொல்வரலாறு

தமிழில் 'பொறி' என்னும் சொல் பல பொருள் உடையது. திருக்குறளில் அது ஐம்புலன்களின் வாயில். சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயில் வடிவ வானூர்தியும் பொறியே. நெருப்புத் துளியும் பொறி, எலியைப் பிடிப்பதும் பொறி. இப்பொருள்களுள் இரண்டு ஒரே கருவியில் கூடியதை நான் நெகிரி செம்பிலானில் கண்டேன்.

1891ஆம் ஆண்டு சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து இருப்புப்பாதை அமைந்தது. பின்னர் இரப்பர் தோட்டங்கள் பெருகின. கடற்கரையை ஒட்டிய தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர் சிலர் ஓய்வு நாள்களில் மீன்பிடிக்கப் பழகினர். அவர்களுள் ஒருவர், தோட்டத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர், தம் பழைய 'பிரிட்டிஷ் சீகல்' படகு இயந்திரத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். அவ்வகை இயந்திரம் 1931இல் இங்கிலாந்தில் தோன்றியது. அதனைப் படகின் பின்விளிம்பில் மாட்டுவர். ஆதலின் மலாய் மொழியில் அதற்கு 'எஞ்சின் சங்குட்', அதாவது தொங்கவிடும் இயந்திரம், என்று பெயர்.

அதில் மின்கலம் இல்லை. தீப்பொறியை அதுவே ஆக்கிக்கொள்கிறது. 1831இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. 1887இல் ராபர்ட் போஷ் நிலையான இயந்திரத்துக்குக் குறைமின்னழுத்தக் காந்தமின்னாக்கியைச் செய்தார். 1902இல் அவர் பட்டறைப் பொறியாளர் ஹோனோல்ட் உயர்மின்னழுத்த வகையை உருவாக்கினார். கயிற்றை இழுத்ததும் சுழலும் சக்கரத்திலுள்ள காந்தம் மின்சுருளைக் கடக்கிறது. அச்சுருளில் மின்னோட்டம் எழுகிறது. உரிய கணத்தில் தொடுமுனைகள் பிரிய, காந்தப்புலம் சரிகிறது. இரண்டாம் சுருளில் பேரழுத்தம் பிறந்து செருகியில் பொறி பாய்கிறது. தொடுமுனைகளிடையே தீப்பொறி வீணாகாமல் மின்தேக்கி காக்கிறது.

பெரியவரின் இயந்திரத்தில் பொறி மங்கியிருந்தது. நம் கடற்கரையின் ஈரமும் உப்பும் தொடுமுனைகளை அரித்திருந்தன. "ஐயா, பாயிண்டு கறுத்துப் போச்சு, கண்டன்சரும் செத்துப் போச்சு. பொறி மஞ்சளா அடிக்குது, நீலமா அடிச்சாத்தான் எஞ்சின் எடுக்கும்" என்றார். சக்கரத்தைக் கழற்றி, முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை ஏறத்தாழ அரை மில்லிமீட்டராக அமைத்து, மின்தேக்கியையும் உறை வெடித்த கம்பியையும் மாற்றினார். நான்காம் இழுப்பில் இயந்திரம் உயிர்பெற்றது.

என் கவனத்தை ஈர்த்தது அவர் கையாண்ட மொழி. பாயிண்டு, கண்டன்சர், காயில், பிளக்கு எனப் பெயர்ச்சொற்கள் அனைத்தும் ஆங்கிலத்தவை. கறுத்தல், சாதல், அடித்தல், எடுத்தல் என வினைகள் அனைத்தும் தமிழ். கடன்சொல் பொருளுக்குப் பெயராக வந்து சேர்கிறது. நிகழ்ச்சியை விளக்கும் வினையோ தாய்மொழியில் நிலைத்து நிற்கிறது. 1916இல் இராஜாஜி முதலியோர் சேலத்தில் அறிவியல் கலைச்சொல் முயற்சியைத் தொடங்கிய காலந்தொட்டுப் பெயர்ச்சொற்களை ஆக்குவதிலேயே நாம் பெரிதும் முனைந்தோம். 'தீப்பொறிச் செருகி' நம் அகராதியில் உண்டு. ஆயின் 'பொறி மஞ்சளா அடிக்குது' என்னும் தொடரை எந்த அகராதி பதிவு செய்தது?

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. ஐம்பதுகளின் இறுதியில் தோட்டத் துண்டாடல் பலரை இடம்பெயரச் செய்தது. அதற்கு விடையாகவே 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. பின்னர் செம்பனை இரப்பரின் இடத்தைப் பிடித்தது. இளையோர் நகரங்களுக்குச் சென்றனர். புகைக்கொட்டகை, லயம், இயந்திரக் கூடம் ஆகியவற்றில் வழங்கிய தொழில்மொழி, அவற்றில் உழைத்த முதியவரோடு மறைந்துகொண்டிருக்கிறது.

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டியரிடம் கருவிகளின் பெயர்களை மட்டும் கேளாதீர்கள். அது பழுதானால் என்ன சொல்வீர்கள், சீரானால் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள், சொன்னவாறே எழுதுங்கள். ஆசிரியப் பெருமக்கள் அவற்றை வகுப்பறைப் பயிற்சியாக்கலாம். ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் இதற்குப் போதும்.