இந்த ஜாப் எத்தனை நிமிடம்?

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டதும் எனக்கு நம் கல்லூரிப் பட்டறைதான் ஞாபகம் வந்தது. "இந்தத் தண்டைக் கடைய எவ்வளவு நேரமப்பா ஆகும்?" என்பார் இன்ஸ்ட்ரக்டர். "அரை மணி சார்" என்போம். சாப்பாட்டு மணி அடித்துவிடும், வேலை முடிந்திருக்காது!

இதே கேள்வியோடு அமெரிக்காவில் ஃபிரடெரிக் டெய்லர் 26 ஆண்டுகள் மல்லுக்கட்டினார். ஃபிலடெல்ஃபியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் தொடங்கிய சோதனை அது. 8 லட்சம் பவுண்டு இரும்பும் எஃகும் சுருள் சுருளாகப் போயிற்று. வெட்டின் ஆழம், ஃபீட், உளியின் வடிவம் என்று 12 காரணிகளைக் கண்டு 1906-இல் வெளியிட்டார். அத்தனையையும் கையால் கணக்குப் போட முடியுமா? கார்ல் பார்த் அதற்கென்றே ஒரு ஸ்லைடு ரூல் செய்து கொடுத்தார். (ஸ்லைடு ரூல் என்றால் என்ன என்று தம்பி தங்கைகள் என் செட் ஆட்களைக் கேட்கவும்.)

இயந்திரம் வெட்டும் நேரம் இப்படிக் கணக்கில் வந்தது. ஜாப்பை மாட்டிக் கழற்றும் நேரம் மனுஷன் கையில் அல்லவா இருக்கிறது? அதற்கு ஸ்டாப் வாட்ச் வந்தது. 1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் அதை எதிர்த்து வெளிநடப்பே செய்துவிட்டார்கள்.

1986-இல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கும் முறையை 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள். பட்டறைக்கு அது பொருந்தும் விதம் சுலபம். பொருள், விட்டம், நீளம், துளைகள், டாலரன்ஸ் எல்லாம் உள்ளே போகும். நிமிடம் வெளியே வரும். உண்மை நேரத்தோடு ஒப்பிட்டு, பிழையைப் பின்னோக்கி அனுப்பி, உள்ளே இருக்கும் எடைகளைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். ஒன்று, இரண்டு என்று புதுப்புது ஜாப் செய்யும் பட்டறையில் சராசரி உதவாது, இது உதவும். ஆனால் கார்டுகள் குறைவென்றால் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பையன் மாதிரிதான். புதுக் கேள்வி வந்தால் முழிக்கும்.

கோவைப் பக்கம் நான் வேலை பார்த்த பட்டறையில், நான் ஓய்வு பெறும் சமயத்தில், ஓர் இளம் இன்ஜினீயர் பழைய ஜாப் கார்டுகளை வைத்து இதைச் செய்து பார்த்தார். ஒரு ஃபிளாஞ்சுக்கு 50 நிமிடம் என்றது. எங்கள் மூத்த டர்னர் 35-இல் முடித்துவிட்டார். "என்னங்கண்ணே, கார்டுல எல்லாம் அம்பதுன்னு இருக்கே?" என்றேன்.

"முப்பத்தஞ்சுன்னு எழுதினா அடுத்த மாசமே பீஸ் ரேட்டைக் கொறைச்சுப் போடுவீங்களேங்க சார்!" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரேட்டைக் குறைத்த தாள்களில் பல வருஷம் கையெழுத்துப் போட்டவன் நான்தான். நெட்வொர்க் தப்புச் செய்யவில்லை. எங்கள் ஆட்களின் பயத்தை அச்சுப் பிசகாமல் படித்திருந்தது.

பழைய கார்டுகளை மூட்டை கட்டினோம். நேரத்தை உள்ளபடி எழுதினால் ரேட்டில் கை வைக்க மாட்டோம் என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். முதல் மூன்று மாதமும் 50, 50 என்றே வந்தது. நாலாவது மாதம் ஒரு கார்டில், அடித்துத் திருத்தி, 38 என்று எழுதியிருந்தது.