அன்றாட வாழ்வும் ஆங்கில வாசகமும்

ஆங்கிலப் பாடநூல்களின் தொடக்கப் பக்கங்களில் ‘ஐ கெட் அப் அட் சிக்ஸ்’, ‘ஐ பிரஷ் மை டீத்’, ‘ஐ கோ டு ஸ்கூல்’ போன்ற சிறு வாசகங்களைக் காண்கிறோம். ஆறு மணிக்கு எழுவதையும் பல் துலக்குவதையும் கூற ஒரு பாடம் வேண்டுமோ என்று எண்ணிவிடுகிறோம். ஆயினும் இவ்வாசகங்கள் வகுப்பறைக்குள் வந்து சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. முதல் தலைமுறையாகக் கல்வி பெறும் நம் சமுதாய இளைஞர்கள் அதனை அறிந்திருத்தல் நலம்.

1835-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கல்வியை அரசு ஆதரிக்க முற்பட்ட பின்னர், நம் நாட்டில் அம்மொழி பெரும்பாலும் இலக்கண விதிகளாலும் மொழிபெயர்ப்பாலும் கற்பிக்கப்பட்டது. விதியை மனனம் செய்வதும் செய்யுளை ஒப்புவிப்பதுமே படிப்பு எனப்பட்டது. வீட்டில் படித்த பெரியவர் இருந்த பிள்ளை ஐயம் கேட்டுத் தெளிந்தான். பள்ளிப் படியே ஏறவிடாது தடுக்கப்பட்டோரின் பிள்ளைக்கு அத்துணை ஏது? 1894-ல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றுப் பகுதியில் நம் மக்களின் குழந்தைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். அத்தகைய முயற்சிகளால் பள்ளிக் கதவு சிறிது திறந்தது. வீட்டுத் துணை என்னும் குறையோ நீடித்தது.

இந்நிலையில், மேல்நாட்டில் ஒரு புதிய எண்ணம் பிறந்திருந்தது. பிரான்சு நாட்டு இலத்தீன் ஆசிரியர் பிரான்சுவா குவான், ஜெர்மன் மொழி கற்க ஹாம்பர்க் நகர் சென்றார். இலக்கண நூலையும் 248 ஒழுங்கற்ற வினைச்சொற்களையும் பத்தே நாளில் மனனம் செய்தார். பின்னர் அகராதியையே உருப்போட்டார். அப்படியிருந்தும் பிறர் பேசியது அவருக்கு விளங்கவில்லை. ஊர் திரும்பியபோது, மூன்று வயது மருமகன் தாய்மொழியில் தாராளமாகப் பேசக் கண்டு வியந்தார். குழந்தை தான் கண்டதையும் செய்ததையும் வரிசையாகச் சொல்லிச் சொல்லியே மொழியைப் பெறுகிறது என உணர்ந்தார். ஒரு செயலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு வாசகம் சொல்லும் முறையை 1880-ல் நூலாக வெளியிட்டார். ஜப்பானில் பணியாற்றிய ஆங்கிலேயர் ஹெரால்டு பாமரும் 1925-ல் செயல்வழி ஆங்கிலம் குறித்து நூல் வெளியிட்டார். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இவ்வழியில் வளர்ந்த வாக்கிய அமைப்பு முறையில் 27,000 ஆசிரியர்களைப் பயிற்றும் பெருமுயற்சி சென்னை மாநிலத்தில் நடைபெற்றது.

இம்முறைக்கு வீட்டில் நூலகம் வேண்டுவதில்லை. படித்த பாட்டனாரும் வேண்டுவதில்லை. விடியல் முதல் இரவு வரை நாம் செய்யும் செயல்களே பாடநூல். ஒன்றை மட்டும் கருத்தில் கொள்ள வேண்டும். தமிழில் ‘போகிறேன்’ என்பது, இப்போது நடப்பதையும் நாள்தோறும் நடப்பதையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலத்தில் இப்போது போவது ‘ஐ ஆம் கோயிங்’; நாள்தோறும் போவது ‘ஐ கோ’. இவ்வேறுபாட்டை அறியாமல்தான், வழக்கத்தைச் சொல்லும்போதும் ‘ஐ ஆம் கோயிங் எவ்ரி டே’ என்கிறோம்.

அன்றாட வாழ்வை ஆங்கிலத்தில் கூறுவது சிறு செயலன்று. 1930-ல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்கு அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சென்றனர். அவர்கள் அளித்த பாதுகாப்புத் திட்டத்தில் கிணறு, குளம், சாலை, தெரு, கல்விக்கூடம், பொது ஊர்தி ஆகியவற்றைத் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமை கோரப்பட்டது. தண்ணீர் எடுத்தல், தெருவில் நடத்தல், பள்ளி செல்லல் என நம் மக்களின் ஒரு நாள் வாழ்வே அங்கு ஆள்வோரின் மொழியில் எடுத்துரைக்கப்பட்டது.

ஆனால் பாடநூல்கள் பலவற்றில் வரும் நாள், உணவு மேசையும் குளியலறையும் உள்ள வீட்டின் நாளாகவே இருக்கிறது. தெருக்குழாயில் வரிசை நிற்கும் தாயும், விடியுமுன் வயலுக்குச் செல்லும் தந்தையும் அதில் இடம் பெறுவது அரிது. ஆகவே, இளைஞர்களே! பாடநூல் வாசகங்களைக் கற்பதோடு நில்லாது, உங்கள் இல்லத்தின் நாளையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். ‘மை மதர் ஃபெட்சஸ் வாட்டர்’, ‘மை ஃபாதர் ஒர்க்ஸ் இன் தி ஃபீல்ட்’ என்று எழுதும்போது, தாய் தந்தையர்க்குரிய வினையின் ஈற்றில் ‘ஸ்’ ஒலி சேர்வதையும் கற்கிறீர்கள். அவர்தம் உழைப்பு எழுத்தில் ஏறத்தக்கது என்பதையும் கற்கிறீர்கள்.

நாள்தோறும் பத்து வாசகம் எழுதுங்கள், உரக்கப் படியுங்கள், தம்பி தங்கையர்க்கும் சொல்லிக் கொடுங்கள். நமக்கு வீட்டில் கிடைக்காத துணை, அவர்களுக்கேனும் வீட்டிலேயே கிடைக்கட்டும்.