பத்தாவது 'பி' பிரிவும் ஒரு பிரிவுப் பாட்டும்

மார்ச் மாசம் வந்தாலே எனக்கு ரெண்டு வாசனை ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு, ஆம்பூர்ல காத்து திசை மாறினா வர்ற டேனரி வாசனை. (வெளியூர்க்காரங்க கர்சீப்பைத் தேடுவாங்க. எங்களுக்கு அது ஊர் வாசனை, அவ்வளவுதான்!) இன்னொண்ணு, பள்ளிக்கூட ஹார்மோனியப் பெட்டியைத் திறந்தா வர்ற பூச்சி உருண்டை வாசனை. அந்தப் பெட்டி வருஷத்துக்கு நாலு தடவைதான் பீரோவை விட்டு வெளியே வரும். சுதந்திர தினம், குடியரசு தினம், ஆண்டு விழா, கடைசியா பத்தாவது பசங்களோட பிரிவு உபசார விழா.

கொசுவர்த்திச் சுருளைக் கொஞ்சம் சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

எங்க பள்ளிக்கூடத்துப் பாட்டு கோஷ்டின்னா பெருசா எதுவும் நினைச்சுக்காதீங்க. தமிழ் ஐயா ஹார்மோனியம், ஒருத்தன் புல்புல்தாரா, தாளத்துக்கு பெஞ்சுப் பலகை. பாடறதுக்கு என் நண்பன். அவன் பேரு வேணாம், பொண்ணு பிள்ளைன்னு ஆயிடுச்சு. டி.எம்.எஸ். பாட்டுன்னா அடிவயித்துல இருந்து எடுப்பான். ஒன்பதாவது கோஷ்டி பத்தாவதுக்காகப் பாடணும், கடைசி சரணத்துல பத்தாவது பசங்களும் சேர்ந்துக்கணும். இதுதான் வழக்கம். யார் ஆரம்பிச்சு வச்சதுன்னு யாரும் கேட்டதில்ல. எந்தப் பாட்டுன்னும் யாரும் கேட்டதில்ல. அதுக்கு ஒரே ஒரு பாட்டுதான். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், 'பசுமை நிறைந்த நினைவுகளே'.

1963ல வந்த 'இரத்தத் திலகம்' படத்துப் பாட்டு. எழுதினவர் கண்ணதாசன், இசை கே.வி.மகாதேவன், பாடினவங்க டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும். திரையில சிவாஜியும் சாவித்திரியும். கல்லூரியோட கடைசி நாள், எல்லாரும் சேர்ந்து பாடறாங்க. அதுக்கப்புறம் கதை எங்க போகுதுன்னு நிறைய பேருக்கு ஞாபகம் இருக்காது. 1962 இந்திய சீனப் போர்தான் படத்தோட பின்னணி. அந்தப் பொண்ணு சீனாவில இருக்கிற குடும்பத்தோட சேரப் போயிடுவா, அவன் ராணுவத்துல சேர்ந்துடுவான். போர் முடிஞ்சு ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்துல வந்த படம் இது. அப்போ தியேட்டர்ல உட்கார்ந்தவங்களுக்கு அந்தப் பிரிவு எப்படி இருந்திருக்கும்? அதுவும் நம்ம வேலூர்ப் பக்கம்! கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரங்க இருக்கிற ஊரெல்லாம் இங்கதான் இருக்கு.

சரி, இந்தப் பாட்டு வர்றதுக்கு முன்னாடி? நம்ம பக்கம் மிஷன் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமே இல்ல. வேலூர்ல அமெரிக்க ஆற்காடு மிஷனோட ஊரிஸ் கல்லூரி 1898ல ஆரம்பிச்சது. நம்ம ராதாகிருஷ்ணன் (ஆமாங்க, ஜனாதிபதியா இருந்தவர்தான்) படிச்ச இடம். ஆம்பூர்ல லுத்தரன் மிஷனோட கன்கார்டியா பள்ளிக்கூடம். இந்த மாதிரி மிஷன்களோட உலகத்துல பிரியும்போது பாடறதுக்குன்னே 1880ல ஒரு கீதம் பிறந்தது, 'காட் பி வித் யூ டில் வி மீட் அகெய்ன்'. அமெரிக்கப் போதகர் ஜெரமையா ரேங்கின் எழுதினது.

அதைவிடப் பழசு 'ஆல்ட் லாங் சைன்'. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788ல எழுதி அனுப்பினது, அவர் செத்துப்போன 1796லதான் அச்சுல வந்தது. ஒரு கிழவர் பாடக் கேட்டு எழுதிக்கிட்டேன்னு அவரே சொல்லியிருக்கார். அந்த மெட்டு சுத்தாத ஊர் இல்ல. ஜப்பான்காரங்க 1881 பள்ளிப் பாட்டுத் தொகுப்புல அதுக்குத் தங்க மொழியில வரி போட்டு, 'ஹோத்தாரு நோ ஹிகாரி'ன்னு பட்டமளிப்பு நாள் பாட்டாவே ஆக்கிட்டாங்க. தாகூர் அதே மெட்டுல வங்காளத்துல ஒரு பாட்டு எழுதினார். சாரணர்கள் முகாம் முடியும்போது கையைக் கோத்துக்கிட்டுப் பாடறதும் அதைத்தான். டேராடூன் ராணுவ அகாடமியில பயிற்சி முடிச்சவங்க கடைசி அடி எடுத்து வைக்கும்போது பேண்டு வாசிக்கிறதும் அதே மெட்டுதான்.

எங்க ஊர்ல இன்னொரு வழியும் உண்டு. வாணியம்பாடியில இஸ்லாமியா கல்லூரி 1919லயே வந்தாச்சு. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டுன்னு இந்தப் பக்கம் பூரா உருது மீடியப் பள்ளிகள் இருக்கு. எங்க சுவருக்கு அந்தப் பக்கம் பசங்க 'அல்விதா'ன்னு முடியற ஒரு நஜ்ம் பாடுவாங்க. அர்த்தம் தெரியாது. ஆனா பாடி முடிச்சதும் அங்கயும் ஒருத்தன் மூக்கை உறிஞ்சுவான், அது மட்டும் நல்லாத் தெரியும்.

இப்ப யோசிச்சா ஒண்ணு தோணுது. இந்தப் பாட்டு எல்லாமே எங்கிருந்தோ கடன் வாங்கினதுதான். கல்லூரிக்காரங்க பாட்டை, காலேஜ் வாசலைக்கூட மிதிக்காத பத்தாவது பசங்க நாங்க பாடினோம். கல்லூரி முடிச்சவனுக்கு அடுத்து என்னன்னு பத்து வழி இருக்கலாம். எங்க ஊர்ல பத்தாவது முடிச்சவனுக்கு மூணே வழிதான். வசதி இருந்தா ப்ளஸ் டூ, நெஞ்சளவு இருந்தா பட்டாளம், ரெண்டும் இல்லாட்டி டேனரி. 1970கள்ல அரைகுறையாப் பதனிட்ட தோலை அப்படியே ஏத்துமதி பண்றதுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டுச்சு. அதுக்கப்புறம் ஷூ கம்பெனிகள் பெருகிச்சு. பொண்ணுங்களும் டிபன் பாக்ஸோட கம்பெனி பஸ் ஏற ஆரம்பிச்சாங்க. ஆக, எங்களுக்கு அந்தப் பாட்டு முடிஞ்சா பள்ளிக்கூடம் மட்டும் முடியல. ஒருத்தனோட சின்ன வயசே அன்னிக்கே முடிஞ்சுபோகும்.

1989 மார்ச்ல எங்க முறை. முந்தின வருஷம் சீனியருக்குப் பாடினவன், தனக்கும் தானே பாடினான். நாங்க கடைசி சரணத்துல சேர்ந்துக்கிட்டோம். மிக்சரும் லட்டும் குடுத்தாங்க. பரீட்சை முடிஞ்ச அடுத்த திங்கட்கிழமை அவன் அப்பாவோட டேனரிக்குப் போயிட்டான். ரெண்டு வாரம் கழிச்சு ரயில்வே கேட்கிட்ட பார்த்தேன். சுண்ணாம்புத் தொட்டி வேலை, விரல் முனையெல்லாம் வெந்துபோயிருந்தது. "இன்னாடா, வலிக்குதா?"ன்னு கேட்டேன். "ஹார்மோனியம் வாசிக்கிறவன் விரல் இல்லியே, நான் பாடறவன்தானே"ன்னு சிரிச்சான். நான் ப்ளஸ் ஒன் அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்துட்டிருந்தேன். அதை முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டது இன்னிக்கும் உறுத்துது.

2014ல எங்க செட்டோட இருபத்தஞ்சாவது வருஷம். எல்லாரும் கூடினோம். "பாடுடா"ன்னு அவனைப் பிடிச்சு இழுத்தோம். எவ்வளவு கெஞ்சியும் மாட்டேன்னுட்டான். அப்புறம் தனியா எங்கிட்ட சொன்னான்: "அது படிச்சவங்க பாட்டுடா. காலேஜ் பாட்டு. அப்ப தெரியாம நான் பாடிட்டேன்." எனக்குப் பதில் தெரியல. பிரியாணியைப் பத்திப் பேசி மழுப்பிட்டேன்.

அடுத்து வந்த தலைமுறைக்கு வேற பாட்டு கிடைச்சிருச்சு. 1996ல 'காதல் தேசம்' படத்துல 'முஸ்தபா', 2002ல 'ஏப்ரல் மாதத்தில்' படத்துல 'மனசே மனசே', 2004ல 'ஆட்டோகிராஃப்' படத்துல 'ஞாபகம் வருதே'. 2019 நவம்பர்ல எங்க ஊரே வேலூர் மாவட்டத்துல இருந்து பிரிஞ்சு திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு. (அதுக்கு யாரும் பிரிவுப் பாட்டு பாடலை, ஹிஹி.)

அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்கு ரொம்ப லேட்டாத்தான் கிடைச்சது. கண்ணதாசனைப் பத்திப் படிச்சிட்டிருந்தப்போ, பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும்தான் படிச்சவர்னு இருந்தது. அப்படியே புஸ்தகத்தை மூடி வச்சுட்டேன். கல்லூரியோட கடைசி நாளுக்குத் தமிழ்நாடே பாடற பாட்டை எழுதினவர், கல்லூரி வகுப்புல ஒரு நாள்கூட மாணவனா உட்கார்ந்ததில்ல! பதின்ம வயசுலயே வேலை தேடி ஊரை விட்டுக் கிளம்பினவர். நாளைக்கு யார் எங்க இருப்போமோங்கிற பயம் அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அப்போ அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்? மேல படிக்கப் போன எனக்கா, அப்பாவோட சைக்கிள்ல பின்னாடி உட்கார்ந்து டேனரிக்குப் போனவனுக்கா?

போன மாசம் அவனுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்.

"எட்டாவதாடா?"ன்னான்.

"ஆமாடா."

"அப்ப நான் அவரைவிட ரெண்டு கிளாஸ் அதிகம்!"

சிரிச்சு முடிச்சிட்டு, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஹார்மோனியம் இருந்தா எடுத்துட்டு வான்னான். ஹார்மோனியத்துக்கு நான் எங்க போவேன்? பெஞ்சுப் பலகை போதும்னு சொல்லியிருக்கேன்.

உங்க பள்ளிக்கூடத்துல கடைசி நாள் என்ன பாட்டு மக்களே? பாடினவங்க இப்ப எங்க இருக்காங்க? முடிஞ்சா ஒரு போன் போட்டுப் பாருங்க.